வாசிக்கிற பக்கம்

இதில் ஒரு சொல் பொய் கிடையாது. ஸ்ரீபத்மநாபசுவாமி சாட்சி, முத்தாரம்மன் சாட்சி. பொய் என்றால் சொல்கிற நாக்கு வெற்றிலைக்குக்கூட ஆகாமல் போகட்டும். நேரில் கண்டவர்கள் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அதில் இருபது பேர் காலமாகிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேரிடம் கேட்டால் அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். அவர்கள் அந்தக் காலத்திலேயே நம்பத் தகாதவர்கள்.

பொன்னம்மைக்கு எழுத்து தெரியாது. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை. அவள் புருஷன் பகவதிப்பெருமாளுக்குக் கண் தெரியாது, ஆனால் வாசிக்கத் தெரியும். ஒரு வீட்டுக்கு அது போதும்.

பகவதிப்பெருமாள் நாஞ்சில்நாட்டுக்காரர், சைவ வேளாளர். ஏழு வயதில் அம்மை போட்டது. முத்தாரம்மன் உயிரை விட்டுவைத்து, கண் இரண்டையும் எடுத்துக்கொண்டு, முகம் முழுக்கக் குழி குழியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். பதினாலு வயதில் திருநெல்வேலிச் சீமையில் குருடர் பள்ளிக்கூடம் ஒன்றில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தார். வரும்போது அவரிடம் இரண்டு சொத்து இருந்தது: பிரம்பு நாற்காலி பின்னுகிற வேலை ஒன்று, புத்தகம் ஒன்று.

நாற்காலி வேலைக்குத் திருவனந்தபுரத்தை விட்டால் வேறு ஊர் இல்லை. சர்க்கார் உட்கார்ந்திருக்கிற ஊர் அது. சர்க்கார் உட்கார உட்காரப் பிரம்பு அறுந்துகொண்டேயிருக்கும். சாலைக் கம்போளக் கடைவீதிக்குப் பின்னால், வத்தல் கிட்டங்கிகளுக்கு நடுவே ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தார்கள். காலை முழுக்க வாசலில் நாற்காலி பின்னுவார். விளக்கு வைத்ததும் புத்தகத்தை எடுப்பார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழ நீளம், தலையணைக் கனம். திறந்தால் ஒரு பொட்டு மை கிடையாது. கெட்டிக் காகிதத்தில் கடுகை இறைத்து ஒட்டினதுபோல் புள்ளி புள்ளியாகப் புடைப்பு. துரைமார் அதற்கு பிரெயில் என்று பேர் சொல்வார்கள். சந்தில் புள்ளி எழுத்து என்றார்கள். பகவதிப்பெருமாள் வலது கைச் சுட்டுவிரலை முதல் வரியில் வைத்து நகர்த்துவார். ஏழு கடல் தாண்டிப் புறப்பட்ட ஒரு ராஜாவின் கதை வெளியே வரும். பதினொரு வருஷம் வந்தது. சந்துக்காரர்கள் வேலை முடிந்து, கால் கழுவி, வந்து உட்கார்ந்து கேட்டார்கள். ராஜா வழியில் பட்ட பாட்டுக்கெல்லாம் அழுதார்கள். வத்தல் வியாபாரம் படுத்த வருஷம் ராஜாவின் கப்பலும் தரைதட்டி நின்றது. கம்போளத்தில் விலை ஏறிய அன்று காற்று திரும்பி அடித்தது. புத்தகத்தில் எழுதியிருக்கிறதும் ஊரில் நடக்கிறதும் இப்படி ஒத்துப்போவதைப் பார்த்து பொன்னம்மை கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

புத்தகத்தை வேறு யாரும் தொட விடமாட்டார். ஒருமுறை நாகர்கோவிலிலிருந்து கண் தெரியாத பாட்டுக்காரர் ஒருவர் வந்து, "நானும் ரெண்டு வரி தடவிப் பாக்கட்டா?" என்று கேட்டபோது, "எண்ணெய்க் கையாட்டு இருக்கே, எழுத்து வழுக்கிப் போவும்" என்று சொல்லிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

விரல் ஒரு வித்தைக்குப் பழகிவிட்டால் சும்மா இருக்காது. அறுந்த நாற்காலியைத் தடவியே அதில் உட்கார்ந்தவன் குமாஸ்தாவா தாசில்தாரா என்று சொல்வார். அவனுக்கு மூலக்கடுப்பு இருந்தால் அதையும் சொல்வார். ஒருநாள் மடியில் பலாப்பழம் ஒன்றைத் தூக்கி வைத்தார்கள். காம்பிலிருந்து அடிவரை இரண்டு கையாலும் தடவினார். பாதியில் சிரிப்பு வந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுச் சரசம்மா.

"அது பொம்பளையள் கேக்கப்பட்ட சமாச்சாரம் இல்ல."

"பலாப்பழத்துக்கு அப்பிடி என்ன சமாச்சாரம்?"

"அதைத்தான் நானும் ஆலோசிக்கேன்" என்றார் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். அந்தப் பழத்தை அன்றைக்கு ஆண்கள் மட்டும் தின்றார்கள். பாகற்காயில் எழுதியிருப்பதெல்லாம் கண்டிப்பு என்பார். கோட்டைச் சுவரில் ஒரு கல்லைத் தடவி, "கொத்தனுக்கு அன்னைக்கு மனசு சரியில்ல" என்றார். சந்து அத்தனையையும் நம்பியது. நம்பாமல் என்ன செய்ய? ஒருவன் ஓலையை வாசித்தால் எழுத்துத் தெரிந்த இன்னொருவனிடம் கொடுத்துச் சரிபார்க்கலாம். புள்ளி எழுத்தை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

சரசம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஊரையெல்லாம் வாசிக்கியரே பிள்ளைவாள், உம்ம முகத்துல அம்மன் எழுதினதை வாசிச்சீரா?" என்று ஒருநாள் கேட்டாள்.

பகவதிப்பெருமாள் நாற்காலியிலிருந்து கையை எடுக்காமல் பதில் சொன்னார். புள்ளி எழுத்தை எழுதுகிறபோது காகிதத்தின் பின்பக்கம் ஊசியால் குத்துவார்கள். குத்துகிற பக்கம் குழி விழும். காகிதத்தைத் திருப்பினால் மேடு. மேட்டைத்தான் வாசிக்க முடியும். "எனக்கு முகத்துல இருக்கது குழி. அது எழுதுகிற பக்கம். வாசிக்கிற பக்கம் உள்ள இருக்கு. தோலை உரிச்சுத் திருப்பிப் போட்டா வாசிக்கலாம். நீ உரிக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னம்மையும் சிரித்தாள். ஆனால் அதை அவள் மறக்கவில்லை.

கொல்லம் ஆண்டு 1110, மீன மாதம், வெயில் ஏறும்போதே அம்மையும் வந்தது. முதலில் கிட்டங்கிக் கூலிக்காரர் வீட்டில், பிறகு வரிசையாக. வாசலுக்கு வாசல் வேப்பிலை ஏறியது. சர்க்காரின் ஒற்றை மாட்டு வண்டி செவ்வாயும் வெள்ளியும் வந்து, அம்மை கண்டவர்களை ஊருக்கு வெளியே கடற்கரைப் பக்கம் போட்டிருந்த கொட்டகைக்கு ஏற்றிக்கொண்டு போனது. வண்டியோடு வருகிறவர் சுகாதார இலாகா தங்கையன். ஆனால் அம்மன் வந்திருக்கிற வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். சீப்பு எடுக்க மாட்டார்கள். வந்த விருந்தாளியை வண்டியில் ஏற்றி ஊருக்கு வெளியே விடுவது எந்த ஊர் மரியாதை? அதனால் வண்டி பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பியது.

பொன்னம்மையின் மகளுக்கு ஒன்பது வயது. அப்பனை உயிரோடு விட்ட நன்றிக்காக அம்மன் பேரையே வைத்து முத்தாரம்மாள் என்று கூப்பிட்டார்கள். ஒரே பிள்ளை. திங்கட்கிழமை உடம்பு காய்ந்தது. வியாழக்கிழமை நெற்றியில் கொசு கடித்ததுபோல் நாலைந்து இடம் சிவந்தது. அதற்கடுத்த செவ்வாய்க்குள் கை, கால், முகம் எங்கும் தோலுக்கடியில் ஈயக்குண்டைப் புதைத்தமாதிரி கெட்டியாக எழும்பி நின்றது. இடது முன்கையில் ஒரு விரல் வைக்க இடமில்லை.

பொன்னம்மை வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டே அந்தக் கையைப் பார்த்தபடி இருந்தாள். சட்டென்று எழுந்து புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ. உங்க முகத்துல இருக்கது குழி, அது எழுதுகிற பக்கம்னு சொன்னியோ இல்லியா?"

"சொன்னேன்."

"பிள்ளைக்கு மேடாட்டுல்லா இருக்கு."

பகவதிப்பெருமாள் கையிலிருந்த பிரம்பு நின்றது.

"வாசிக்கிற பக்கம் வெளிய வந்திருக்கு," என்றாள் பொன்னம்மை. "வந்து வாசியுங்கோ. பிள்ளை தங்குமா தங்காதான்னு அம்மன் எழுதாமலா இருப்பா?"

"பொறத்தியாருக்க கடுதாசியைப் பிரிச்சு வாசிக்கப்பிடாது, பொன்னம்மே."

"நம்ம பிள்ளைக்க மேல எழுதினா அது நமக்கு எழுதினதுதான்."

"தொடப்பிடாது. அம்மனுக்குக் கோவம் வரும்."

"உங்களுக்கு ஒருக்க வந்து போயாச்சு. உங்களைத் தொட்டா அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

அதற்குள் வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சரசம்மா அங்கிருந்தே சொன்னாள்: "பலாப்பழத்தை வாசிச்ச மனுஷனுக்குப் பெத்த பிள்ளையை வாசிக்க என்ன மடி?"

 பொன்னம்மை பகவதிப்பெருமாள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாயருகில் உட்கார்த்தினாள். உட்கார்ந்தவர் உடனே கையை நீட்டவில்லை. அவள் பக்கம் முகத்தைத் திருப்பி, தணிந்த குரலில் கேட்டார்: "நீ என்ன நினைக்க? இன்னைக்கு வண்டி வரும். ஏத்தி அனுப்பலாமா?"

"என்னால முடியாது. அந்த வண்டியில ஏறின பிள்ளை திரும்பி வந்து நான் கண்டதில்ல. இங்க கிடந்தா என் கண்ணு முன்னால கிடக்கும்."

"சரி" என்றார். பிறகுதான் விரலை வைத்தார்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை முதல் வரி. மறுபடி மணிக்கட்டு. பிள்ளை முனகியபோது நிறுத்தினார். ஏட்டைத் திருப்புகிற மாதிரி அந்தச் சின்னக் கையை மெல்லத் திருப்பி, உள்பக்கமும் பார்த்தார். ஒரு படி அரிசி வேகிற நேரம் ஆயிற்று. சந்தில் காக்கை கூடக் கத்தவில்லை. பிறகு, ராஜா கதை சொல்லும் அதே குரலில் சொன்னார்:

"'வந்தது நான்தான். வீட்டை மாத்தாதே. பன்னிரண்டாம் நாள் தண்ணி விடு. இறங்கிப் போறேன்.'"

பொன்னம்மை அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். அவளுக்கு அந்த நிமிஷத்தில் இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

தங்கையன் வண்டியை நிறுத்தி இறங்கியபோது சந்து முழுக்க எதிரே நின்றது. அவர் நெய்யாற்றங்கரைப் பக்கத்து ஆள். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசுவார். ஒரு மாசமாகத் தூங்காத முகம்.

"அம்மே, கொட்டகையில நர்சு உண்டு. பார்லி வெள்ளம் உண்டு. கண்ணு போகாம இருக்க மருந்து விடும். சாகிறது சாகும், பிழைக்கிறது பிழைக்கும். நான் பொய் பறையல்ல. பிள்ளையத் தா."

"இங்க வாசிச்சாச்சு" என்றாள் பொன்னம்மை.

"ஆரு வாசிச்சு?"

காட்டினார்கள். தங்கையன் பகவதிப்பெருமாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சர்க்கார் உத்தரவை வாசிக்க எனக்குக் கண்ணாடி வேணும். இவரு கண்ணே இல்லாம அம்மன் உத்தரவை வாசிச்சு. கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு வண்டிப்பக்கம் திரும்பினார். இருபது பேரை ஒரு ஆள் என்ன செய்ய?

அப்போதுதான் சரசம்மா தன் மகன் ஸ்ரீகண்டனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் காலில் அன்று காலைதான் முத்து கண்டிருந்தது. "எனக்கு வாசிப்பும் தெரியாது, கேள்வியும் தெரியாது. இவனை ஏத்திக்கோ" என்றாள். சந்து அவளைப் பார்த்துக் காறித் துப்பியது. வண்டி போனபின் அவள் வாசலில் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தார்கள்.

மறுநாளிலிருந்து பகவதிப்பெருமாளுக்கு நாற்காலி பின்ன நேரம் இல்லை. இன்னும் நாலு வீட்டில் கூப்பிட்டார்கள். போனார், உட்கார்ந்தார், வீட்டுக்காரர்கள் பேசுவதைக் கேட்டார், பிறகு வாசித்தார். அம்மன் அஞ்சு வீட்டுக்கும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தாள், சர்க்கார் நோட்டீஸ்போல. அஞ்சு வீட்டிலும் அடுப்பில் பால் பொங்கினார்கள்.

முத்து கண்டதிலிருந்து ஏழாம் நாள் முத்தாரம்மாளுக்குக் கண்ணிமை ஒட்டிக்கொண்டது. பொன்னம்மை வெந்நீரில் துணி நனைத்து ஒற்றிப் பார்த்தாள், திறக்கவில்லை. பிள்ளை கையை நீட்டித் துழாவினாள்.

"அப்பா, ராஜா ஆறாம் கடலைத் தாண்டியாச்சா?"

"தாண்டிட்டிருக்கார் மக்கா" என்று பகவதிப்பெருமாள் கதையைத் தொடங்கினார். அலை பனைமர உயரம் வந்தது. திமிங்கிலம் வந்து வழி கேட்டது.

"புத்தகம் எடுக்கல்லியே. எடுக்காம எப்பிடிச் சொல்லுகியோ?"

"மனப்பாடம் மக்கா."

"எனக்கும் இப்பம் கண்ணு தெரியல்ல. புத்தகத்தைத் தாருங்கோ. நானும் வாசிக்கேன்."

பொன்னம்மைதான் பெட்டியைத் திறந்து எடுத்து வந்தாள். வீங்கின விரலை அவள் பிடித்து முதல் வரியில் வைத்தாள். பிள்ளை தடவிப் பார்த்தாள். "குத்துகு. ஒண்ணும் விளங்கல்லியே அப்பா. இதுல எங்க இருக்கார் ராஜா?"

பகவதிப்பெருமாள் பதில் சொல்லாமல் இருந்ததை பொன்னம்மை அன்றைக்குக் கவனித்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

"முதல்ல அப்பிடித்தான் இருக்கும்" என்றார் கடைசியில். "சொகமாகி எழும்பி உக்காரு. கத்துத் தாறேன்."

ஒன்பதாம் நாள் முத்துக்கள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன. பொன்னம்மை அவரை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அவர் ஒரே ஒரு தடவை விரல் வைத்து எடுத்துக்கொண்டார்.

"நனைஞ்சு போச்சு. நனைஞ்ச காகிதத்துல புள்ளி நிக்காது."

"முன்ன சொன்னது சொன்னதுதானே?"

"சொன்னது சொன்னதுதான்."

பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் பொன்னம்மை முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, வெயில் விழுகிற இடமாகப் பார்த்துத் தள்ளி வைத்தாள். தலைக்கு விடுகிற தண்ணீர் அடுப்பில் சுடக் கூடாது. வெயிலில்தான் சுட வேண்டும். வெயில் அண்டாவின் விளிம்பைத் தொட்டபோது பிள்ளைக்கு மூச்சு இழுத்தது. தண்ணீர் வெதுவெதுப்பு ஆகுமுன்னே நின்றுவிட்டது. அம்மன் சொன்ன நாளில் சொன்னபடி இறங்கிப் போனாள். போகும்போது தனியாகப் போகவில்லை.

வாசித்த அஞ்சு வீட்டில் மூன்று வீட்டில் பிணம் விழுந்தது. ஒரு வீட்டில் இரண்டு. சந்துக்காரர்கள் பகவதிப்பெருமாள் வீட்டு வாசலில் கல் எறியவில்லை. அவர் பிள்ளையும் போயிற்றே. ஆனால் சாயங்காலம் யாரும் கால் கழுவிக்கொண்டு வரவில்லை.

ஒரு மாசம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சர்க்கார் வண்டி ஸ்ரீகண்டனை இறக்கிவிட்டுப் போனது. முகம் குதறிக்கிடந்தது, உயிர் இருந்தது, கண் இரண்டும் இருந்தன. சரசம்மா ஆளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அத்தனை வாய் உள்ளவள், பத்து நாள் மகனை வாசலுக்கு விடவில்லை. பொன்னம்மை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று அவன் சாப்பிடுகிற சத்தம்கூட வெளியே கேட்காமல் பார்த்துக்கொண்டாள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான். பதினோராம் நாள் அவன் சிரித்தது இந்தப் பக்கம் கேட்டது.

பொன்னம்மை அரைத்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்து புருஷன் எதிரே உட்கார்ந்தாள். மாவுக் கையைத் துடைக்கவும் இல்லை.

"அவன் பிழைச்சுட்டான்."

"கேட்டுது."

"நானும் வண்டியில ஏத்தி அனுப்பியிருந்தா?"

பகவதிப்பெருமாள் கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்தார்.

"நீங்கோ கேட்டியோ, ஏத்தி அனுப்பலாமான்னு. நான்தான் முடியாதுன்னேன். நான்தான் பிள்ளையைப் பிடிச்சு வச்சுக்கிட்டேன். என் கையாலதான்..." அதற்குமேல் அவளால் முடியவில்லை. மாவுக் கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். நிறுத்தாமல் அடித்துக்கொண்டாள்.

"பொன்னம்மே, கேளு." அவர் குரல் கதை சொல்கிற குரலாக இல்லை. "நான் அன்னைக்கு வாசிச்சதை மாத்திச் சொன்னேன்."

அடி நின்றது.

"அம்மன் எழுதினது வேற. 'பிள்ளையைக் கொண்டுபோக வந்திருக்கேன். வண்டியில ஏத்தினாலும் கொண்டுபோவேன், வீட்டுல வச்சாலும் கொண்டுபோவேன். நாளு குறிச்சாச்சு.' முதல் வரியிலேயே இருந்துது. உன் முகத்துக்கு முன்னால அதை வாசிக்க எனக்குத் தைரியம் இல்ல. மாத்திட்டேன்."

"முதல் நாளே தெரியும்?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு என்னைப் பால் பொங்க வச்சியோ. தண்ணி எடுத்து வைக்கச் சொன்னியோ. அண்டாவைத் தேய்ச்சு வெயில்ல வச்சேனே நான், பைத்தியக்காரி மாதிரி."

"ஆமா."

"மத்த வீட்டுக்கும்?"

"எல்லாம் தெரியும்."

பொன்னம்மை எழுந்து போய்க் கையைக் கழுவினாள். அன்று சோறு வடித்தாள், பரிமாறினாள், பேசவில்லை. ஆனால் மீன மாசத்துக்குப் பிறகு முதல்முறையாக, படுத்ததும் தூங்கினாள்.

மறுநாள் காலை அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பகவதிப்பெருமாள் சுவரைத் தடவிக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். சூடு எங்கிருந்து வருகிறது என்று முகத்தால் பார்த்துக்கொண்டு அடுப்பெதிரே குந்தினார். வலது கையை நீட்டி, அஞ்சு விரல் நுனியையும் கல்லின்மேல் ஊன்றினார். தோசையைத் திருப்பிப் போடுகிற நேரம் அப்படியே வைத்திருந்தார். பொன்னம்மை கையில் சட்டுவம் இருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. அவர் கத்தவில்லை, அவளும் கத்தவில்லை. எடுத்தபோது கல்லில் அஞ்சு தோல் ஒட்டியிருந்தது. அவள் கல்லைக் கழுவி, மறுபடி அடுப்பில் போட்டு, எண்ணெய் தடவினாள்.

வேண்டாததை வாசித்த விரல் வெந்தது என்று சந்து பேசிக்கொண்டது. முந்தின நாள் பேசினது சுவரைத் தாண்டி எல்லோருக்கும் எட்டியிருந்தது; அம்மனின் எழுத்தைத் திருத்தினால் இதுதான் என்றார்கள். பிள்ளையை இழந்த மற்ற வீட்டுக்காரர்களுக்கும் அதற்குப் பிறகு ஒரு ஆறுதல் வந்தது. தலையெழுத்து அப்படி, வண்டியா வந்து மாற்றியிருக்கும்? தங்கள்மேல் இருந்த பாரத்தை எல்லோரும் இறக்கி அந்த ஒரு ஆள்மேல் வைத்தார்கள். அவர் அதை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். இடது கையால் நாற்காலி பின்னினார். முன்புபோல் இறுக்கம் வராது. சர்க்கார் கச்சேரிகள் மெல்ல மெல்ல வேறு ஆளைத் தேடிக்கொண்டன.

ஏழு வருஷம் பொன்னம்மை அவரோடு இருந்தாள், பேசாமல். அவருக்கு நேரத்துக்குச் சோறு வைத்தாள். அவரை வெறுத்தாள். வெறுப்பும் சோறு மாதிரிதான். வேளை தவறாமல் கிடைத்தால் ஆள் நிமிர்ந்து நடமாடலாம். அவள் நிமிர்ந்துதான் நடமாடினாள். அப்பளம் இட்டு விற்றாள். கோயிலுக்குப் போனாள். தலையில் அடித்துக்கொள்ளவே இல்லை. 1117 கும்ப மாதம், கிடையில் விழுந்து மூன்றாம் நாள் பகவதிப்பெருமாள் போனார். கடைசி மூச்சுவரை அவர் அந்தப் பாரத்தை இறக்கி வைக்கவில்லை. அவர் கைவிரல்களைக் கட்டும்போது நுனி வழுவழுவென்று இருந்ததை பொன்னம்மை பார்த்தாள். ஒரு வரிகூட இல்லாத வெறும் தோல்.

அடுத்த வருஷம் சாலைக்குக் குடையும் தடியுமாக ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். தாசையன், பகவதிப்பெருமாள் இருந்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அவருக்கும் கண் தெரியாது. நாகர்கோவிலுக்கு வேறு காரியமாக வந்தவர், பஸ் பிடித்து இவ்வளவு தூரம் வந்திருந்தார்.

"இருபத்துமூணு வருஷத்துக்கு முன்ன இரவல் கொண்டுபோன புத்தகம் ஒண்ணு திரும்ப வரல்ல. எங்களுக்குப் புத்தகம் கிடைக்கிறது கஷ்டம் அம்மா. இருந்தா வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

பொன்னம்மை பெட்டியைத் திறந்தாள். எட்டு வருஷமாகத் திறக்காத பெட்டி. புத்தகத்தைத் தூசி தட்டி அவர் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோங்கோ. ஆனா ஒரு காரியம். இதுல ஒரு ராஜா கதை இருக்கு. ஏழு கடல் தாண்டிப் போறார். பதினோரு வருஷம் வாசிச்சார் அவியோ. ஆறாம் கடல்ல நின்னுபோச்சு. எம் பிள்ளை கடைசியா கேட்டது அதைத்தான்." அவள் பெட்டியைச் சாத்தினாள். "கடைசிப் பக்கத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. ராஜா கரை ஏறினாரா?"

தாசையன் புத்தகத்தைத் திறந்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். விரல் வேகமாக ஒரு வரி ஓடியது. நின்றது. முதல் பக்கத்துக்கு வந்தார். அங்கேயும் ஒரு வரி ஓடினார். நடுவில் ஒரு இடத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு விரலை அப்படியே வைத்துக்கொண்டு, எதிரே அவள் மூச்சு விடுகிறதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறிட்டார் அம்மா," என்றார். "நல்ல வெளிச்சமான கரை. அங்க அவருக்க பிள்ளை முன்னாடியே வந்து நிக்குது."

"அப்பம் சரி" என்றாள் பொன்னம்மை. புத்தகத்தை வாங்கிப் பழைய வேட்டியில் சுற்றி, முடிச்சுப் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

அது, சண்டையில் கண் இழந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கோழி வளர்த்துப் பிழைப்பதற்காக லண்டனில் அச்சடித்த இங்கிலீஷ் புத்தகம்.